வில்லன் பேசும் நாலு பக்கம்

ஒரு காட்டில் சிங்கம் கிடையாது. கதை என்றால் சிங்கம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சர்க்கஸுக்குப் போய்க்கொள்ளலாம். இந்தக் கதைக்கு ஒரு சிறுத்தை போதும். அதையே சமாளிக்க முடியாமல்தான் இவ்வளவு பாடும்.

அந்தக் காட்டில் ஒரு சருகுமான் இருந்தது. மான் என்று பெயர்தானே தவிர உடம்பு முயலளவு, கால் பென்சில் பருமன், கொம்பு என்று ஒன்று கிடையவே கிடையாது. சருகு சலசலத்தால் அதற்கு மயக்கம் வந்துவிடும். சருகிலேயே குடியிருக்கிற பிராணிக்குச் சருகுச் சத்தம் ஆகாது என்றால் பிழைப்பு எப்படி ஓடியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதன் பெயர் துளசிங்கம். விழுந்து கிடந்த ஒரு மருதமரத்தின் பொந்துதான் வீடு. வாசல் துளசிங்கம் நுழையும் அளவு. அதற்கு மேல் பெரிய எதுவும் உள்ளே மூக்கைக்கூட நீட்ட முடியாது.

காட்டையே கிடுகிடுக்க வைத்த அதிரடி நாவலாசிரியர் 'இடிமுழக்கன்' இந்தத் துளசிங்கம்தான் என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆக வேண்டும்.

பொந்துக்குள் சுருண்டு படுத்துக்கொண்டு தேக்கிலையில் எழுதும். அருவியிலிருந்து குதிப்பது எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால் ஒரு சின்னக் கல்லைக் குட்டையில் போட்டுப் பார்த்துக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கே ஒரு நாள் படுக்கையில் கிடக்கும். எழுந்ததும், "தோளில் காயம். கீழே முதலைகள். மேலே தீ. குளம்பரசன் சிரித்தான்" என்று எழுதிவிடும். எழுதியதைத் தங்கப்பழம் என்கிற மரங்கொத்தி வந்து தூக்கிப் போய், வேறு இலைகளில் அலகால் குத்திக் குத்திப் பிரதி எடுத்து, கொடி போட்டுக் கட்டி, மாதா மாதம் காடு முழுக்க அனுப்பிவைக்கும்.

எல்லா நாவலிலும் நாயகன் கேப்டன் குளம்பரசன். எல்லா நாவலிலும் வில்லன் ஒரு சிறுத்தை. கடைசி அத்தியாயத்துக்கு முந்தின அத்தியாயத்தில் வில்லன் நாயகனைப் பிடித்துக் கொடியால் கட்டிப்போட்டு, கழுத்தில் காலை வைப்பான். உடனே கடித்துவிட மாட்டான். பேசுவான். "ஹா... ஹா... ஹா! குளம்பரசா! சாவதற்கு முன் ஒரு உண்மையைத் தெரிந்துகொள். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால், இதே சுனைக்கரையில்..." என்று தொடங்கி நாலு பக்கம் பேசுவான். அந்த நாலு பக்கத்துக்குள் குளம்பரசன் கட்டைக் கடித்து அறுத்துவிடுவான்.

ஒரு நாள் அடுத்த புதரில் இருக்கும் பேச்சியம்மா என்கிற முயல், காதெல்லாம் மண்ணாகப் பொந்து வாசலில் வந்து விழுந்தது.

"அண்ணாச்சி, செத்துப் பிழைச்சு வாரேன். அந்த மாசிலாமணி பிடிச்சுட்டான்."

மாசிலாமணி என்பதுதான் அந்தக் காட்டுச் சிறுத்தை. உடம்பெல்லாம் கரும்புள்ளி. அதற்குப் போய் அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை.

"பிடிச்சுட்டானா? பிறகு?" துளசிங்கத்துக்குக் கேட்கும்போதே முன்கால் நடுங்கியது.

"கழுத்துல காலை வச்சான். சரி, கதை முடிஞ்சுதுன்னு கண்ணை மூடிட்டேன். பார்த்தா, 'சாவதற்கு முன் ஒரு உண்மையைத் தெரிந்துகொள். முப்பது ஆண்டுகளுக்கு முன்னால்'னு ஆரம்பிக்கான். எனக்கு வயசே ரெண்டு! அப்படி ஒரு ரசிப்போட, கண்ணை மூடிக்கிட்டுப் பேசுதான். நான் நைசா நழுவி வந்துட்டேன். அவன் இன்னும் பேசிக்கிட்டுதான் கெடப்பான்."

துளசிங்கத்தின் நடுக்கம் சட்டென்று நின்றது. "சுனைக்கரைன்னு சொன்னானா, குகைன்னு சொன்னானா?"

"சுனைக்கரைன்னுதான். ஏன் அண்ணாச்சி?"

"அப்போ 'தேள்பாறை ரகசியம்' படிச்சிருக்கான். மனப்பாடமா வச்சிருக்கானா?"

"ஒரு வார்த்தை பிசகலை."

அன்றைக்குத் துளசிங்கம் பூரித்துப்போய்விட்டது. விசாரித்ததில் இன்னும் சங்கதி வெளிவந்தது. சிறுத்தை இடிமுழக்கனின் பரம வாசகன். எதைப் பிடித்தாலும் முதலில் பேச்சு. பேசி முடிப்பதற்குள் இரை எழுந்து போய்விடும். எத்தனையோ காலமாகக் காட்டில் சாவே இல்லை. மழை நன்றாகப் பெய்ததால்தான் என்று மயில்கள் சொல்லிக்கொண்டிருந்தன. சிறுத்தையோ தன் குரல்வளத்தில்தான் ஏதோ குறை என்று நினைத்து, பாறை மேல் நின்று சாதகம் பண்ணிக்கொண்டிருந்தது. பட்டினியில் அதன் விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது யாருக்காவது வாசகர் சந்திப்பு நடத்தத் தோன்றுமா? தங்கப்பழத்துக்குத் தோன்றியது. ஒரு நடுப்பகலில், சிறுத்தை பாறையில் உறங்கும் நேரம் பார்த்து, மரத்தடியில் கூட்டம் கூடியது.

"என்ன பிடிச்சுது, என்ன பிடிக்கலைன்னு மனசுவிட்டுச் சொல்லுங்க. அண்ணாச்சி தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றது தங்கப்பழம். எழுத்தாளரைக் கேட்காமல் சொல்லக்கூடிய பெரிய பொய் இதுதான்.

கருங்குரங்கு எழுந்தது. "எனக்குச் சின்னச் சின்ன அத்தியாயம்தான் பிடிச்சுது. ஒரு கிளையில இருந்து அடுத்த கிளைக்குத் தாவுறதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சிரும். ஒவ்வொரு அத்தியாயமும் 'கதவு திறந்தது. அங்கே நின்றவன்...'னு முடியுது பாருங்க, அதுல ரெண்டு தடவை பிடி நழுவிக் கீழே விழுந்திருக்கேன். அருமை!"

"எங்கே திறந்தாலும் ஏதாவது ஒண்ணு வெடிக்குது, அது நல்லாருக்கு" என்றது காட்டுப்பன்றி. "ஆனா அந்தக் குளம்பரசன் சாப்பிடுறதே இல்லையே வே? பதினெட்டு அத்தியாயம் ஓடுதான், நீந்துதான், தொங்குதான். ஒரு கிழங்கு தோண்டித் தின்னான்னு ஒரு வரி இருக்கா? எனக்குப் படிக்கும்போதே வயிறு காந்துது."

பெண்மயிலுக்கு வேறு கோபம். "அவன் காதலியை எதுக்குக் கூட்டிட்டு வாரீங்க? ஓடும்போது வேர் தடுக்கி விழுறதுக்கா? எங்களுக்கெல்லாம் கண்ணு தெரியாதா?"

"துரத்துற இடமெல்லாம் ரொம்ப வேகம். என்னால கூடவே வர முடியலை" என்றது ஆமை.

துளசிங்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தது. ஒவ்வொன்றும் முள்ளாகக் குத்தினாலும் தாங்கிக்கொண்டது. பிறகு சடகோபன் எழுந்தது. சடகோபன் ஒரு கடமான். கிளை கிளையாகக் கொம்பு. அந்தக் கொம்பின் கனத்தில் எதைச் சொன்னாலும் தீர்ப்பு மாதிரித் தலையைத் தாழ்த்தித்தான் சொல்லும்.

"எல்லாம் சரி. அந்த வில்லன் பேசுறான் பாரும், நாலு பக்கம், அது அபத்தம்! எந்த வில்லன்யா கொல்றதுக்கு முன்னால உட்கார்ந்து வரலாறு சொல்லுவான்? எதார்த்தம்னு ஒண்ணு வேண்டாமா?"

துளசிங்கம் மெல்லக் கேட்டது. "போன வாரம் உங்களை மாசிலாமணி பிடிச்சப்போ பேசலையா?"

"பேசுச்சு. அதைத்தான் சொல்லுதேன். சகிக்கலை. பாதியிலேயே எழுந்து வந்துட்டேன்."

கூட்டம் கைதட்டியது. "ஆமாமா, எனக்கும் போர் அடிச்சுது" என்றது பன்றி. "எங்கிட்ட ரெண்டு தடவை பேசிட்டான், அதே வசனம்" என்றது மயில்.

துளசிங்கம் உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று துணிந்தது. "ஐயா, அம்மா, பெரியவங்களே. அந்தப் பேச்சு இருக்கிறதாலதான் நீங்க எல்லாரும் இங்கே உட்கார்ந்து குறை சொல்லிக்கிட்டு இருக்கீங்க. என் எழுத்துதான் உங்க உசுரைக் காப்பாத்துது."

சடகோபன் சிரித்தது. "எழுதுறவங்க எல்லாரும் இதைத்தான்யா சொல்லுறாங்க."

கூட்டம் கலைந்ததும் தங்கப்பழம் காதோரம் வந்து உட்கார்ந்தது. "அண்ணாச்சி, பேச்சை வெட்டிருங்க. எனக்கும் நாலு பக்கம் குத்துற வேலை மிச்சம்."

துளசிங்கம் பொந்துக்குள் போய் யோசித்தது. பேச்சை வெட்டினால் காட்டில் உயிர்கள் போகும். வெட்டாவிட்டால் சடகோபன் மறுபடி சிரிக்கும். இரண்டையும் தூக்கிப் பார்த்தது. சடகோபனின் சிரிப்புத்தான் கனமாக இருந்தது.

அடுத்த மாதம் 'பேசாத பல்' வெளிவந்தது. அதில் வில்லன் பாய்ந்தான், கடித்தான், வாயைத் துடைத்தான். கேப்டன் குளம்பரசன் ஆறாவது அத்தியாயத்திலேயே காலி. மிச்சக் கதைக்கு அவன் தம்பியைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. காடே கொண்டாடியது. சிறுத்தை பாறை மேல் படுத்து ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டு, வெகுநேரம் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் சடகோபன் ஓடைக்குத் தண்ணீர் குடிக்கப் போனது. அவ்வளவுதான். இந்தப் பத்தி இத்தனை சின்னதாக முடிவதற்குச் சடகோபனின் ரசனைதான் காரணம்.

இரங்கல் கூட்டத்தில் கருங்குரங்கு சொன்னது: "அவர் ஆசைப்பட்ட மாதிரியே, வளவளன்னு இல்லாம முடிஞ்சுது."

பிறகு பெண்மயில் போயிற்று. பன்றியின் மச்சான் போனான். பன்றி பயந்து, கிழங்கு தோண்டப் போகும்போதெல்லாம் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தது. தங்கப்பழம் ஒரு நாள் இறகு உதிர்ந்து வந்து நின்றது.

"அண்ணாச்சி, புத்தகத்துக்கு ஏகப்பட்ட பாராட்டு. ஆனா பாராட்டுறவங்க எல்லாம் பாராட்டின கையோட போய்ச் சேர்ந்துருதாங்க. இப்படியே போனா ஆமையும் சிறுத்தையும்தான் வாசகர்னு மிஞ்சும். ஆமை ஒரு நாவல் முடிக்க ஒரு வருஷம் ஆகும்."

துளசிங்கம் அடுத்த புதரை எட்டிப் பார்த்தது. பேச்சியம்மா இரண்டு நாளாகப் புதரைவிட்டு வெளியே வரவில்லை. "நான் எழுதுதேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. ராத்திரி பகல் பார்க்காமல் எழுதியது. இந்த முறை வில்லன் நாலு பக்கத்தில் நிறுத்தவில்லை. பிறந்த கதை, வளர்ந்த கதை, பாட்டன் பட்ட அவமானம், பல்வலி என்று பேசிக்கொண்டே போனான். இரை கட்டை அறுத்து, வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டுத் தூங்கலாம், அவ்வளவு பேச்சு.

அதில்தான் வினை வந்தது. பேச்சு நீண்டதால் இலைக்கட்டு கனத்துவிட்டது. தங்கப்பழம் அலகால் கவ்வி இழுத்துப் பார்த்தது, இறகடித்துப் பார்த்தது. கட்டு அசையவில்லை. "வெளியே வரைக்கும் தள்ளிவிடுங்க அண்ணாச்சி, குரங்கைக் கூட்டிட்டு வாரேன்" என்று பறந்துவிட்டது.

துளசிங்கம் கட்டைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டே பொந்துக்கு வெளியே வந்தது. வந்ததுதான் தெரியும். கழுத்தில் ஒரு கால் இருந்தது. காலுக்கு மேலே மாசிலாமணி இருந்தது.

சிறுத்தை எதுவும் பேசவில்லை. வாயைத் திறந்தது.

"ஐயா! ஏதாவது பேசுங்க ஐயா!" என்று அலறியது துளசிங்கம்.

"பேசுறதை விட்டாச்சு."

"நான்தான்யா இடிமுழக்கன்!"

வாய் அப்படியே நின்றது. "யாரு?"

"இடிமுழக்கன். தேள்பாறை ரகசியம். பேசாத பல். இதோ, அடுத்த நாவல்."

சிறுத்தை கட்டை முகர்ந்து பார்த்தது. முதல் இலையைப் புரட்டியது. கழுத்திலிருந்த காலைப் பட்டென்று எடுத்து, அந்த இடத்தைத் தன் வாலாலேயே துடைத்துவிட்டது.

"சார்! நீங்களா? நான் ஒரு காட்டெருமையால்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்! மன்னிச்சுக்கோங்க சார், ஆளைப் பார்த்தா காலை நாஷ்டா மாதிரி இருந்தீங்க."

"பரவாயில்லை ஐயா. நாவல்கள் எல்லாம்... எப்படி இருந்துச்சு?"

பயத்தில் உளறிய கேள்விதான். ஆனால் உலகத்தில் ஒரு வாசகனிடம் இதைவிட ஆபத்தான கேள்வி கிடையாது. சிறுத்தை முன்கால்களை மடக்கி, சம்மணம் போட்டாற்போல உட்கார்ந்தது.

"எங்கே ஆரம்பிக்கன்னு தெரியலை சார். அந்த அருவி! அடேயப்பா, நேரில் குதிச்சவன்தான் சார் அப்படி எழுத முடியும். தொங்குபாலம் அறுந்து விழுற இடத்துல நான் என் பாறையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன். ஆனா சார், அந்தப் பேச்சை எடுத்தீங்க பாருங்க, அன்னைக்கே எனக்குத் தூக்கம் போச்சு. முன்னால பசி இருந்துச்சு, ஆனா வேட்டையில ஒரு கலை இருந்துச்சு. இப்போ பாயுதேன், கடிக்கேன், திங்கேன். வயிறு நிறையுது சார், மனசு நிறையலை."

சொல்லச் சொல்லச் சிறுத்தையின் கண் செருகியது. துளசிங்கம் பின்பக்கமாக ஓர் அடி வைத்தது. சிறுத்தை எரிமலைக் காட்சிக்கு வந்தது. துளசிங்கம் இன்னோர் அடி வைத்தது. முதலைச் சண்டை ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் பின்னங்கால் பொந்து வாசலைத் தொட்டது. கப்பல் வெடிப்பதற்குள் தலை உட்பட உள்ளே போய்விட்டது.

உயிர் பிழைத்தது! கதையை இங்கேயே நிறுத்தியிருந்தால் 'புத்திமான் பலவான்' என்று கைதட்டிவிட்டு நீங்களும் கிளம்பியிருக்கலாம். ஆனால் சிறுத்தை இன்னும் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது.

"உள்ளே போயிட்டீங்களா சார்? நல்லது, காத்து அடிக்குது. அங்கேயிருந்தே கேளுங்க. ஒரே ஒரு குறை. தேள்பாறை ரகசியத்துல அந்த ஆந்தைத் தளபதிதான் துரோகின்னு மூணாவது அத்தியாயத்துலயே கண்டுபிடிச்சுட்டேன்."

பொந்திலிருந்து ஒரு மூக்கு வெளியே வந்தது.

"முடியாது."

"இல்லை சார், நெஜமாவே..."

"எப்படிக் கண்டுபிடிச்சீரு?"

"பகல்ல முழிச்சிருந்துச்சுன்னு எழுதியிருந்தீங்களே. ஆந்தை எதுக்குப் பகல்ல முழிக்கணும்?"

தலை முழுவதும் வெளியே வந்தது. "அது பொய்த் தடயம் வே! அதுக்குத் தூக்கம் வராத வியாதி! ஏழாவது அத்தியாயத்துல வைத்தியர்கிட்ட மருந்து கேக்குதே, படிச்சீரா இல்லையா?"

"படிச்சேன் சார். ஆனா ரொம்பத் தற்செயலா இருந்துச்சு."

"தற்செயலா? எது வே தற்செயல்?" துளசிங்கம் நாலு காலோடும் வெளியே வந்துவிட்டது. குளம்பால் மண்ணில் கோடு கிழித்தது. "இது தேள்பாறை. இது கோட்டை. ஆந்தை இங்கே இருக்கு. நரி இங்கே ஒளிஞ்சிருக்கு. இப்போ சொல்லும், யாரு மேல சந்தேகம் வரணும்? நரி மேலதானே வரணும்? வாசகன் நரியைத்தானே பார்த்துக்கிட்டு இருக்கணும்? நீரு எதுக்கு ஆந்தையைப் பார்த்தீரு?" என்று சிறுத்தையின் மீசை தன் நெற்றியில் உரசும் தூரத்தில் நின்று காலை உதைத்து உதைத்துக் கத்தியது. "குறை சொல்ல வந்துட்டீரு! படிச்சுட்டுப் படிச்சுட்டுப் பாறையில படுத்துக்கிட்டா எல்லாம் சுலபமாத்தான் தெரியும். முடிஞ்சா நீரு ஒரு நாவல் எழுதிக் காட்டும் வே!"

அதற்குப் பிறகுதான் தான் நிற்கும் இடம் துளசிங்கத்துக்குப் புலப்பட்டது. பொந்து தூரத்தில் இருந்தது. பல் பக்கத்தில் இருந்தது.

சிறுத்தை அசையவில்லை. அதன் கண் கலங்கியிருந்தது.

"சார்," என்றது கரகரத்த குரலில், "இதுவரைக்கும் யாருமே என்னை எழுதச் சொன்னதில்லை சார்."

சொல்லிவிட்டு எழுந்து, பக்கத்திலிருந்த தேக்குமரத்தைப் பிறாண்டி ஒரு கை இலையை அள்ளிக்கொண்டு பாறையை நோக்கி ஓடிவிட்டது.

அதிலிருந்து காட்டில் ஒரு சாவு இல்லை. எழுத உட்கார்ந்தவனுக்கு வேட்டைக்கு ஏது நேரம்? மாசிலாமணி ஓடை நண்டைத் தின்றுகொண்டு எழுதியது. எழுதியதை நாள்தோறும் சாயங்காலம் கொண்டுவந்து, பொந்து வாசலை அடைத்து உட்கார்ந்துகொண்டு, குரலில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டியது. நாவலின் பெயர் 'ஒரு பாறையின் மேல்'. நாயகன் ஒரு சிறுத்தை. முதல் அத்தியாயத்தில் அது பாறையில் படுத்திருந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் பாறையின் வரலாறு வந்தது. மூன்றாம் அத்தியாயம் முழுக்கத் தன் நகங்களின் நீளம், வளைவு, கூர்தீட்டும் முறை. நாலாவதில் ஒரு மான் வந்தது. துளசிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. சிறுத்தை அந்த மானைப் பிடித்து அதனிடம் பாறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.

"எப்படி சார் இருக்கு? ஒளிக்காம சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, நகத்தை வெளியே நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டது.

"அருமை" என்றது துளசிங்கம். வேறு என்ன சொல்லும்? "அந்தப் பாறை அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது."

"அப்போ பாறையை இன்னும் கொஞ்சம் எழுதுதேன் சார்."

துளசிங்கத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண்ணை மூடினால் பாறை. தன் அடுத்த நாவலில் ஒரு வரி ஓடவில்லை. ஒரு நாள் மத்தியானம், சிறுத்தை எழுதிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்துக் காட்டைக் கூட்டியது. "யாராவது ஒருத்தர் ஒரே ஒரு நாள் எனக்குப் பதிலா வந்து கேளுங்க. ஒரே ஒரு அத்தியாயம்!"

"எனக்குக் கிழங்கு வேலை கெடக்கு" என்றது பன்றி. இப்போதெல்லாம் அது முன்பக்கமாகத்தான் நடந்தது. கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"எனக்குப் பாறைன்னா ஆகாது" என்றது ஆமை.

பேச்சியம்மாவுக்கு நாலு குட்டி பிறந்திருந்தது. "அண்ணாச்சி, உங்க புண்ணியத்துல இதுகளெல்லாம் வெயில்ல விளையாடுது. நீங்க பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருங்க. தப்பித் தவறிக்கூட நல்லா இல்லைன்னு மட்டும் சொல்லிராதீங்க" என்று கும்பிட்டது. கூட்டம் ஒரு மனதாக அதையே முடிவு செய்துவிட்டு, புல் மேயப் போனது.

அன்று சாயங்காலம் இருபத்திரண்டாம் அத்தியாயம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாவலில் பாறையும் நனைய ஆரம்பித்தது. ஒவ்வொரு துளியாக நனைந்தது. துளசிங்கம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு பொந்தைவிட்டு வெளியே வந்தது. நிதானமாக நடந்துபோய் சிறுத்தையின் முன்னால் படுத்து, கழுத்தை நீட்டி, அதன் காலை எடுத்துத் தானே தன் கழுத்தில் வைத்துக்கொண்டது.

"மாசிலாமணி, போதும்யா. என்னைச் சாப்பிட்டுரும்."

சிறுத்தை இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பொறுங்க சார், இன்னும் நாலு பக்கம்தான்."

நீதி: வாயைத் திறந்த சிறுத்தையிடமிருந்து தப்பினவர்கள் உண்டு, கையெழுத்துப் பிரதியைத் திறந்த சிறுத்தையிடமிருந்து தப்பினவர்கள் இல்லை.